பதினேழாம் இலக்க ஜேர்சி

பெட்டியைத் திறந்ததும் புதுத்துணியும் அச்சு மையும் கலந்த மணம் அடித்தது. ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் ஜேர்சி அச்சடிக்கும் கடையிலிருந்து நானே போய் எடுத்து வந்த பெட்டி. மவுண்ட் றொஸ்கிலில் நாங்கள் பயிற்சி செய்யும் பார்க்கில், வேர்த்து வழிந்தபடி எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

எங்கள் அணியின் தலைவர் ரூபன் அண்ணை. குழாய் திருத்தும் வேலை செய்பவர். எதையும் எடுத்துக் கையில் கொடுக்க மாட்டார், எறிவார். இலக்கத்தைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு ஜேர்சியாக எறிந்தார். கடைசியாக ஒன்று மிஞ்சியது. பதினேழு. முதுகில் இலக்கத்துக்கு மேலே தமிழில் ‘கொக்கு’ என்று எழுதியிருந்தது.

அதை மட்டும் அவர் எறியவில்லை. மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கொக்கு எந்த நாள் வந்து இறங்குறார்?”

“வரயில்லை அண்ணை.”

“என்னடா, டிக்கெட் போட்டாச்சு எண்டு சொன்னாய்?”

“போட்டதுதான். காலில இரத்தம் கட்டியிருக்காம். பிளேனில அவ்வளவு நேரம் இருக்கக்கூடாதெண்டு டொக்டர் மறிச்சுப்போட்டார்.”

புல்வெட்டும் இயந்திரம் ஒன்று தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் செல்வா கேட்டார். மதுரைப் பக்கத்துக்காரர். ஆல்பனியில் ஓர் ஐடி கம்பெனியில் வேலை. எங்களோடு விளையாட வந்து இரண்டு கிழமை ஆகவில்லை. ஜேர்சிக்குச் சொல்லி முடிந்தபிறகு வந்தவர்.

“அந்தப் பதினேழு யாருதுங்க?”

அடுத்த சனிக்கிழமை தமிழ்க் கழகங்களின் எழுவர் உதைபந்தாட்டம். இலக்கம் போட்ட அணி ஜேர்சி இல்லாதவரை மைதானத்தில் இறங்க விடமாட்டார்கள். எங்களில் இரண்டு பேர் இந்த முறை ஜேர்சிக்குச் சொல்லாமலே விடுமுறைக்கு ஊர் போய்விட்டார்கள். கட்டாயம் ஆள் தேவை. இருந்த ஒரே ஜேர்சி அது.

ரூபன் அண்ணை பெட்டியை என் கையில் வைத்தார். “கொக்குவிட்டயும் உன்ர அம்மாவிட்டயும் கேட்டுப்போட்டுச் சொல்லு. நான் முடிவெடுக்க மாட்டன்.”

யார் இந்தக் கொக்கு

கொக்கு என் அண்ணா. எனக்கும் அவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். எங்கள் ஊர்க் கழகத்துக்கு விளையாடியவர். மெலிந்த நீளக் கால்கள். எதிரணியின் கோல் வாசலுக்குப் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல், ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பாராம். தொண்ணூறு நிமிடமும் நித்திரை கொள்கிறவர் மாதிரி நிற்பாராம். ஒரு பந்து வந்தால் போதும்.

‘நிற்பாராம், நிற்பாராம்’ என்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் அண்ணா விளையாடிப் பார்த்ததேயில்லை. காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் ஏஜென்சிக்காரனோடு அவர் புறப்பட்டபோது எனக்கு நாலு வயது. அவர் கால்களுக்கு நல்லெண்ணெய் பூசும்போது எழும் மணம் மட்டும் எனக்குத் தெரியும். மிச்சம் எல்லாம் ஆக்லாந்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் சொன்னவை. ஒருவர் சொல்லுவார், அந்த இறுதி ஆட்டத்தில் கொக்கு அடித்தது தலையால் என்று. இன்னொருவர், இல்லை, கிழிந்த சப்பாத்தோடு இடக்காலால் என்று. இரண்டு பேரும் அதே கரையில் நின்று பார்த்தவர்கள்.

அண்ணா கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அப்பாவும் அம்மாவும் நானும் பிறகு அகதிகளாக இங்கே வந்தோம். வந்த சில வருடங்களில் அப்பா போய்விட்டார். அண்ணாவின் விசாக் காகிதங்கள் அப்போது சரிவரவில்லை. கொள்ளி வைக்கவும் வரமுடியவில்லை. காகிதங்கள் சரிவந்தபோது வேலை. வேலை சரிவந்தபோது பிள்ளைகள் சின்னவர்கள். இப்போது கால்.

அவர் புறப்பட்ட பிறகு நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவேயில்லை. வாசகர்களில் பலர் வீட்டில் இப்படி ஒருவர் இருப்பார். விளக்கத் தேவையில்லை.

சனிக்கிழமை மத்தியானங்கள்

அண்ணா இருப்பது ரெஜைனாவில். சுற்றிவரக் கோதுமை வயல். அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம் மைதான விளக்குகள் எரியும்போது இங்கே எங்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம். அம்மா குழம்பு இறக்குவா, தொலைபேசி அடிக்கும்.

“தம்பி, துவங்கப்போகுது.”

கனடாக்காரரின் ஃபுட்போல் நாங்கள் விளையாடும் உதைபந்தாட்டம் அல்ல. ஹெல்மெட் போட்டு, தோளில் கவசம் வைத்து, முட்டை மாதிரியான பந்தைக் கையில் கொண்டு ஓடும் ஆட்டம். அலுவலகத்தில் இதைச் சொன்னால், அது அமெரிக்காக்காரனுடையது அல்லவா என்பார்கள். அண்ணாவுக்குக் கோபம் வரும். கனடாவில் மைதானம் நீளமும் அகலமும் கூட, ஆள் ஒருவர் கூட, பந்தை முன்னால் நகர்த்தக் கிடைக்கும் தடவைதான் குறைவு.

“அமெரிக்காவில நாலு தரம், இங்க மூண்டுதரம்தான். குளிர் நாடு. கெதியா முடிச்சுப்போட்டு வீட்ட போகோணுமெல்லே.”

இன்னொரு விதி அவருக்கு மிகவும் பிடிக்கும். கம்பங்களுக்கு நடுவே உதைக்கும்போது குறி தவறினாலும், பந்து எதிரணியின் கடைசி எல்லையைத் தாண்டிப்போனால் ஒரு புள்ளி உண்டு. “தவறினாலும் ஒண்டு தாறாங்கள்டா. இப்பிடி ஒரு நாட்டை நீ எங்க காணுவாய்” என்பார்.

அம்மா அடுக்களையிலிருந்து ஒவ்வொரு சனியும் ஒரே கேள்வியைக் கேட்பா. “கையில கொண்டு ஓடுறதுக்கு ஏன் இவங்கள் கால்பந்து எண்டு பேர் வச்சவங்கள்?”

அண்ணா எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன், பல்கலைக்கழக வாசலை மிதித்தவன் நான்தான். அதனால் எனக்கு ஒரு வேலை இருந்தது. பழைய வீரர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருப்பவற்றைத் தேடி எடுத்து, தமிழில் அண்ணாவுக்குச் சொல்லவேண்டும். ஆல்பனியில் படித்த காலத்தில் நூலகப் படியில் இருந்து எத்தனையோ வீரர்களின் வாழ்க்கையைத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். உறைந்த மைதானத்தில் ஓடியவர்கள், குளிர்காலத்தில் கோதுமைக் களஞ்சியத்தில் வேலை செய்து கோடையில் விளையாடியவர்கள், முறிந்த விரலைப் பக்கத்து விரலோடு கட்டிக்கொண்டு பந்து பிடித்தவர்கள்.

“படிச்சவன் நீ, வடிவா வாசிச்சுச் சொல்லு” என்பார். சொல்லி முடித்ததும், “அவன்ர இலக்கம் என்ன?” என்பார். இலக்கம் தெரிந்தால்தான் அவருக்கு ஆள் தெரியும். முன்னால் சுவராக நிற்கும் பெரிய உடம்புக்காரருக்கு ஐம்பது அறுபதுகளில் இலக்கம். பந்தை எறிபவருக்குச் சின்ன இலக்கம். இலக்கத்தை வைத்தே ஆளின் தோள் அளவைச் சொல்லிவிடுவார்.

கனடாக்காரரும் பட்டப்பெயர் வைப்பதில் எங்களுக்குச் சளைத்தவர்களில்லை. ஆனாலும் அண்ணா தன் பங்குக்கு எல்லோருக்கும் ஊர்ப்பெயர் வைத்தார். பெரிய ஆட்களின் கால்களுக்கிடையே புகுந்து ஓடிய ஒரு குட்டை மனிதர் ‘கீரி’. எறிவதற்கு முன் ஒவ்வொருவரையும் விரல் நீட்டி இடம் மாற்றும் ஒருவர் ‘வாத்தி’. அறுபத்திரண்டாம் இலக்கத்தோடு சுவர் வரிசையில் நின்ற மலைபோன்ற ஒருவர் ‘தண்ணித்தாங்கி’. அவர்களின் உண்மைப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அண்ணா வைத்தவைதான் எனக்கு அவர்களின் பெயர்கள்.

இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. கனடாவின் வீரர்களை நான் பார்த்ததில்லை, அண்ணா சொல்லித்தான் தெரியும். அண்ணாவின் ஆட்டத்தையும் நான் பார்த்ததில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

மாலை போட்ட படம்

ஒரு சனிக்கிழமை அண்ணாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. ஆட்ட இடைவேளையில் ஒரு பழைய வீரரைக் கௌரவித்தார்களாம். கோட்டுப் போட்ட வயசாளி. மனைவியும் பேரப்பிள்ளைகளும் பக்கத்தில். மைதானத்தின் உச்சியில் அவருடைய பெயரையும் இலக்கத்தையும் திரைநீக்கம் செய்தார்கள். இனி அந்த இலக்கத்தை அணியில் யாரும் போட முடியாது. தலையில் தர்ப்பூசணிப் பழத்தைக் குடைந்து கவிழ்த்துக்கொண்டு ஆட்டம் பார்க்கும் விசர்ச்சனம், அன்றைக்கு அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றதாம்.

“அவன் உயிரோட நிண்டு அண்ணாந்து பாக்கிறான்டா தம்பி” என்றார் அண்ணா.

அது என் மண்டைக்குள் ஏறிவிட்டது. எங்கள் கழகக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன்: கொக்குவின் பதினேழையும் இப்படிச் செய்வோம். எல்லோரும் கை தட்டினார்கள். ஆண்டு விழாவன்று மண்டபச் சுவரில் பதினேழாம் இலக்க ஜேர்சி ஒன்றும், பக்கத்தில் அண்ணாவின் ஊர்ப் படமும் மாட்டுவதாக ஏற்பாடு.

எங்கள் விழாக்கள் எப்படித் துவங்கும் என்று உங்களுக்குத் தெரியும். குத்துவிளக்கு, பிறகு இறந்தவர்களுக்காக எழுந்து தலைகுனிந்து நிற்கும் அகவணக்கம். அன்று மண்டபம் சோடித்த மாமாவுக்கு ஒருவரும் விஷயத்தை விளங்கப்படுத்தவில்லை. சுவரில் ஓர் இளைஞனின் படம், பக்கத்தில் அவன் போட்ட உடுப்பு. எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. மனிதர் படத்துக்கு ஒரு மாலையைப் போட்டு, கீழே ஒரு சிட்டி விளக்கும் ஏற்றிவிட்டார். அறிவிப்பாளர் எல்லோரையும் எழும்பி நிற்கச் சொன்னார். தலைகள் குனிந்தன.

அம்மா அந்த நேரம் பார்த்து, வடைச் சட்டியோடு பின்கதவால் வந்தா.

சட்டியை வந்த பாதையில் நிலத்தில் வைத்தா. முழு மண்டபமும் அமைதியாக நிற்க, நடுவால் நடந்துபோய் மாலையைக் கழற்றினா. விளக்கை ஊதி அணைத்தா. படத்தையும் ஜேர்சியையும் கழற்றிக் கக்கத்தில் வைத்தா.

“மாலை போட்ட படம் எங்கட வீட்டில ஒண்டு போதும்” என்றா. அவ்வளவுதான்.

இதைக் கேட்டு அண்ணா அங்கே விழுந்து விழுந்து சிரித்தார். “எனக்கு அகவணக்கமோ? ஆர் ஆர் அழுதவை?” அம்மா சிரிக்கவில்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு சுவரில் மாட்டும் பேச்சே இல்லை. ஆனால் பதினேழை ஒருவருக்கும் கொடுக்கவும் இல்லை. அது கௌரவத்துக்காக அல்ல. அம்மாவின் கணக்கில், ஆள் வரும்வரை இருக்கை பிடித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வருடமும் ஜேர்சிக்குச் சொல்லும்போது பதினேழையும் சொல்லுவோம். ஒவ்வொரு வருடமும் அது பெட்டியில் மிஞ்சும்.

அதனால்தான் செல்வா கேட்டதும் ரூபன் அண்ணை பெட்டியை என் கையில் வைத்தார். இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் இருக்கையைக் கொடுத்தாயிற்று. கொக்கு வரமாட்டார் என்று நாங்களே எங்கள் வாயால் சொன்னதாகிவிடும். அம்மாவைவிட எனக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. அந்த நீளக்கால்கள் ஒருமுறை, ஒரேயொருமுறை, என் கண் முன்னால் ஒரு பந்தைத் தொடவேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

தண்ணித்தாங்கியின் உடுப்பு

வீட்டுக்கு வந்து அண்ணாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். சோபாவில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தபடி இருந்தார். யன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லுவார் என்றே எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னால் நல்லது என்றும் நினைத்தேன்.

“பெடியன் எந்த ஊர்?”

“மதுரைப் பக்கம்.”

“ஆக்கள் இருக்கினமோ அங்க?”

“இல்லை. தனிய அறை எடுத்து இருக்கிறார். எங்களோடதான் ஏதும் கதைக்கிறது.”

அண்ணா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “தண்ணித்தாங்கியின்ர ஜேர்சிக் கதை உனக்குச் சொன்னனானோ?”

“இல்லை.”

“வந்த முதல் குளிர். என்னட்ட ஒரு கோட்டுத்தான். அதுக்கு மேலால போட ஏதும் கிடைக்குமோ எண்டு பழைய உடுப்பு விக்கிற கடைக்குப் போனன். பச்சையா ஒரு சேட்டுத் தொங்குது. கூடாரம் மாதிரி. கோட்டுக்கு மேல போட்டன், சுகமா உள்ள போச்சுது. அறுபத்திரண்டு. ஆரின்ர பேர், ஆரின்ர இலக்கம், ஒரு கோதாரியும் எனக்குத் தெரியாது.”

அம்மா கீரையை நிறுத்திவிட்டா.

“பஸ்சுக்கு நிக்கிறன். ரோட்டால போறவன் என்னைப் பாத்து ஏதோ கத்திப்போட்டுச் சிரிக்கிறான். அடுத்தவனும் அதையே கத்துறான். தமிழன் எண்டு பகிடி பண்ணுறாங்கள் எண்டு எனக்கு அழுகை வரப்பாக்குது. பிறகு ஒரு கிழவன் கிட்ட வந்து, தோளில தட்டி, கை கால் எல்லாம் ஆட்டி விளங்கப்படுத்தினான். அவங்கள் கத்தினது அந்த இலக்கம் போட்ட பெரிய மனிசன்ர பட்டப்பேராம். அவன்ர உடுப்புக்குள்ள கொக்குக் கால் ரெண்டு நிண்டா சிரிக்க மாட்டாங்களோ? அதுக்குப் பிறகு எங்க போனாலும் ஆரோ ஒருத்தர் கதை துடங்குவினம். அந்த உடுப்பாலதான்டா நான் அந்த ஊரில முதன்முதல் மனிசரோட கதைச்சனான். இண்டைக்கும் வேலையிடத்தில சிலபேர் என்னை அந்தப் பேராலதான் கூப்பிடுறவை.”

“அப்ப குடுக்கட்டோ?”

“குடு.”

“பின்னால பேரை உரிச்சுப்போட்டுக் குடுக்கிறன்.”

“விசரே உனக்கு? பேரோட குடு. பேரில்லாட்டி ஆர் அவனோட கதைக்கப் போயினம்?”

அம்மா அப்போதுதான் வாய் திறந்தா. திரையைப் பார்க்காமல், கையிலிருந்த கீரைத் தண்டைப் பார்த்துக் கேட்டா.

“அப்ப நீ வரவே மாட்டியோ?”

“அம்மா, கால் சரிவந்தா வாறன்தானே.”

“வந்து என்னத்தைப் போடுவாய்?”

அம்மா கீரைச் சுளகைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டா.

அந்தக் கிழமை முழுக்க அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை நான் எழும்பி வந்தபோது, பதினேழாம் இலக்க ஜேர்சி அயன் போட்டு மினுக்கி மடித்து என் விளையாட்டுப் பையின்மேல் இருந்தது.

மைதானத்தில்

செல்வா கட்டை உருவம். கொழுத்த கெண்டைக்கால். கொக்கு என்ற பெயரை முதுகில் வைத்துக்கொண்டு அவர் இறங்கியதும், கரையில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் அடக்கமுடியாமல் சிரித்தார்கள்.

“கொக்கு கனடாவில நல்லாச் சாப்பிட்டிருக்கு.”

“ஓமோம், கழுத்தையும் காணேல்லை.”

பந்து உருளத் துவங்கியதும் சிரிப்பு வேறு விதமாக மாறியது. “கொக்கு, ஓடு.” “கொக்கு, உன்ர பந்து.” “கொக்கு, விடாதை.” எத்தனையோ வருடமாக அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட ஓர் ஆள் கிடைக்காமல் இருந்தவர்கள் அவர்கள். முதலில் செல்வா திரும்பியே பார்க்கவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஒருமுறை கையை உயர்த்திக் காட்டினார். கரையே ஆரவாரித்தது.

நான் மாற்று ஆட்டக்காரன். கரையில் நின்று தொலைபேசியில் அண்ணாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“இடப்பக்கத்தால வரச்சொல்லு. இடப்பக்கத்தால. அவனுக்கு ஆர் அங்க நிக்கிறது?” அண்ணா அங்கே காலை உயர்த்தி வைத்தபடி கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்தினார். பிறகு மெல்லச் சொன்னார்: “நல்லா ஓடுறான்.”

இரண்டாம் பாதியில் ரூபன் அண்ணை என்னைக் கூப்பிட்டார். தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஒரு பந்தைச் செல்வாவுக்குத் தள்ளினேன். அவர் அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போனது. தோற்றோம்.

ஆட்டம் முடிந்து செல்வா மூச்சு வாங்கியபடி தொலைபேசிக்கு முன்னால் வந்து நின்றார்.

“அண்ணே, எல்லாரும் உங்க பேரைச் சொல்லியே கூப்பிட்டாங்க. உங்களுக்கு வருத்தம் இல்லையே?”

“ஒரு வருத்தம் இருக்கு தம்பி. நான் அடிச்சிருந்தா அது உள்ள.”

“போன்ல எல்லாரும் அடிப்பாங்கண்ணே.”

அண்ணாவின் சிரிப்பில் திரை முழுக்க ஆடியது. அம்மாவும் சிரித்தா. அந்த மாலைச் சம்பவத்துக்குப் பிறகு இந்த ஜேர்சி விஷயத்தில் அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு

அடுத்த ஞாயிறு செல்வா ஜேர்சியைத் தோய்த்து மடித்து, ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா இடியப்பமும் சொதியும் வைத்தா. அவர் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது பையைத் திருப்பி அவர் கையில் கொடுத்தா.

“வச்சிரும் தம்பி. அடுத்த முறையும் நீர்தானே போடப்போறீர்.”

“அப்ப அண்ணன் வந்தாங்கன்னா, அம்மா?”

“அவன் வந்தா அவனுக்கு வேற ஒண்டு அடிப்பம்.”

அன்றைக்கே அண்ணாவிடம் சொன்னேன். வெளியே யாரோ பனி அள்ளும் சத்தம் கேட்டது.

“அப்ப உங்களுக்கு எந்த இலக்கம் அண்ணா வேணும்?”

“உன்ர என்ன?”

இத்தனை வருடத்தில் அதை அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

“ஒன்பது.”

“ஒன்பதோ. அண்டைக்கு அம்மா ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க, நீ ஒரு பந்து குடுத்தாய் பார், கரையால. அதைப் பாத்தனான்.” பிறகு கேட்டார்: “பத்து இருக்கோ?”

“பத்து ரூபன் அண்ணையின்ர.”

“அவன் தரமாட்டான். எட்டு?”

“எட்டுப் போட்ட பெடியன் இந்தக் கிழமைதான் பிரிஸ்பேனுக்குப் போயிட்டான். சும்மாதான் கிடக்கு.”

“அப்ப அதை எனக்கு வை. உனக்குப் பக்கத்தில நிக்கலாம்.”

அடுத்த வருடத்து ஜேர்சிக்கு ஆட்களின் இலக்கங்களைச் சொல்லும்போது, எட்டை ஒருவருக்கும் கொடுக்கவேண்டாம் என்று ரூபன் அண்ணையிடம் சொன்னேன். அவர் ஏனென்று கேட்கவில்லை.